மெட்டுப் போட்ட விலாசம்

கோதுமை மாவை நெய்யில் வறுக்கும்போது வருகிற வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அது வந்தால் என் கால் நின்றுவிடும். போன ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததால் கால் நிற்க வழியில்லை, பஸ்தான் நின்றது. தி. நகரில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதிலிருந்து எந்த பஸ்ஸும் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நின்ற இடம் குருத்வாராவின் பக்கம். ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. அதன் பின்னாலேயே ஆர்மோனியமும் தபலாவும் வந்தன. நான் இறங்கவேண்டிய பாண்டி பஜார் இன்னும் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு தையல் கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைப்பதும் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் என் வேலை. ஆடித் தள்ளுபடி சமயம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே நேரமாகியிருந்தது. இருந்தாலும் இறங்கிவிட்டேன்.

இறங்கினேனே தவிர உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்றேன். எந்த இடத்துக்கும் நேராக உள்ளே போய்விடுகிற ஆள் இல்லை நான். எங்கள் கடைக்கு வருகிற ஒரு அம்மா ரொம்ப நாள் என்னை ஊமை என்றே நினைத்துக்கொண்டு சைகையில் அளவு சொன்னார். நானும் சைகையிலேயே தலையாட்டி வைத்தேன். திருத்தப் போனால் பேசவேண்டுமே. பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் காலைப் பிரார்த்தனையில் ஒரு நாளும் பாடியதில்லை, வாயை மட்டும் அசைப்பேன். ஒரு டீச்சர் என் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "வாய் நல்லாத்தான் பாடுது, தொண்டை லீவு போலிருக்கு" என்றார். அந்தப் பெயர் பள்ளிக்கூடம் முடிகிறவரை கூடவே வந்தது.

"நம்ம வூட்டுக்கு வந்த குரலு மொத்தத்தையும் உங்கண்ணன் எடுத்துகினான்டி பாப்பா. உனக்கு ஒண்ணும் மீதி வெக்கல" என்று அம்மா சொல்வாள்.

அண்ணன் பெயர் சேகர். எங்கள் வீடு அடையாற்றின் கரையில், பாலத்துக்குக் கீழே இறங்குகிற சந்தில் இருந்தது. சந்து முனையில் அம்மன் கோயில். கோயில் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தகரக் கூரை, ஒரு மணி, ஒரு வேப்பங்கன்று. கார்த்திகை வந்தால் மாலை போட்டவர்கள் அங்கேதான் ஐயப்ப பஜனை வைப்பார்கள். ஒருவர் முதலில் பாடுவார், எல்லோரும் வாங்கிப் பாடுவார்கள். அப்படி வாங்கிப் பாடும் கூட்டத்தில்தான் என் அண்ணன் இருப்பான். அவனிடம் ஒரு வினோதம் உண்டு. எல்லோரும் அடியை முடித்து நிறுத்திய பிறகும் அவன் கடைசி எழுத்தை விடமாட்டான். இழுத்துக்கொண்டே இருப்பான். அடுத்த அடி ஆரம்பிக்க வேண்டியவர் அவன் முடிப்பதற்காக வாயைத் திறந்தபடி காத்திருப்பார். எங்கள் சந்தில் அதற்கு வால் என்று பெயர்.

"டேய் சேகரு, வால சுருட்டிக்கடா, சாமி பயப்படப் போவுது!" என்று பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுப்பான்.

கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்தான். கை கால் எல்லாம் சீக்கிரம் சரியாகிவிட்டது. உள்ளே என்ன ஆயிற்று என்று யாராலும் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியவில்லை. சாப்பிட்டானா என்று கேட்டால் தெரியாது. இன்றைக்கு என்ன கிழமை, தெரியாது. தன் பெயரைக் கேட்டாலே சில நாள் சிரிப்பான். பாட்டை மட்டும் மறக்கவில்லை. ஒரு பாட்டை இரண்டு தரம் கேட்டால் போதும், மொழி தெரியாத பாட்டாக இருந்தாலும் அப்படியே திருப்பிப் பாடுவான். அதனால்தான் வினையே வந்தது. எங்கே ஆர்மோனியம் கேட்டாலும் எழுந்து அதன் பின்னால் போய்விடுவான். போன வழி திரும்பத் தெரியாது.

முதல் தடவை மயிலாப்பூரில் கிடைத்தான். மார்கழிக் காலையில் மாடவீதியில் பஜனை பாடிக்கொண்டு சுற்றிவருகிறவர்களோடு சேர்ந்து நின்றிருக்கிறான். அந்தக் கோஷ்டியை நடத்திய மாமி அவனைத் தன் வீட்டு வாசலில் உட்கார வைத்துப் பொங்கல் கொடுத்திருந்தார். அந்தப் பக்கம் சில வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போன அம்மா அவனை அங்கே பார்த்து ஓடினாள்.

"ஏம்மா, இவன் உன் பிள்ளையா? காலங்கார்த்தால வந்து கோஷ்டியில நின்னுண்டான். ஆத்துல யாரும் தேட மாட்டாளான்னு கேட்டா சிரிக்கறான். கடைசி அட்சரத்தை மட்டும் விடவே மாட்டேங்கறான் போ!"

"அது சின்னதுலேர்ந்து அப்டிதாம்மா" என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாளாம்.

இன்னொரு தடவை பெசன்ட் நகரில், வேளாங்கண்ணி கோயில் கொடியேற்றத்துக்குக் காவி கட்டி நடந்து வந்தவர்களோடு மணலில் உட்கார்ந்து மாதா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். ஒரு வியாழக்கிழமை தர்கா வாசலில் இருந்தான். எங்கள் சந்துப் பையன்கள் கிண்டல் செய்தார்கள்: "உங்கண்ணன் எந்த சாமியையும் வுட்டு வெக்க மாட்டான் போல."

அம்மா யோசித்தாள். படிக்காதவள்தான், ஆனால் யோசித்தாள். பாட்டு மட்டும்தானே அவன் தலையில் நிற்கிறது? அப்படியானால் வீட்டையும் பாட்டாகப் பண்ணிவிட்டால்? ஐயப்ப பஜனை மெட்டு ஒன்றை எடுத்து, அதில் எங்கள் விலாசத்தை வைத்தாள்.

அடையாத்துப் பாலத்துக்குக் கீழே,
அம்மன் கோயில் பக்கத்துலே,
அம்மா சோறு வெச்சிருக்கா,
சேகரு வூடு ஆத்தோரத்துலே.

இவ்வளவுதான் பாட்டு. சோறு பிசைந்து கொடுக்கும்போதெல்லாம் அம்மா ஒரு அடி பாடுவாள், அவன் வாங்கிப் பாடுவான். 'ஆத்தோரத்துலே' என்பதில் அந்த 'லே'க்கு அவன் விட்ட வால் ஆற்றைத் தாண்டிப் போகும். கொஞ்ச நாளிலேயே பலன் தெரிந்தது. சைதாப்பேட்டைப் பக்கம் திரிந்தவனை ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து இறக்கினார்.

"எத்தினியோ சவாரி ஏத்திக்கிறேன்மா. அட்ரஸ பாட்டா பாடுனது இவன் ஒருத்தன்தான். ரெண்டு தபா பாடச் சொல்லிக் கேட்டேன்" என்றார். அம்மா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அதற்கப்புறம் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

குருத்வாராவுக்கு நாங்கள் முதலில் போனதும் அவனைத் தேடித்தான். அந்தத் தடவை யாரோ சொல்லி, அம்மாவும் நானும் தி. நகருக்குப் போனோம். வாசலில் செருப்பு வைக்கிற இடத்தில் வெள்ளைத் தாடியும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவர் கீழே உட்கார்ந்து, வந்தவர்களின் செருப்பைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மோட்டார் சாமான் கடை முதலாளி என்று அப்புறம்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் வந்து அந்த வேலையைச் செய்வாராம், அது அங்கே ஒரு வழிபாடு. இவரிடம் எந்த மொழியில் கேட்பது என்று அம்மா தயங்கி, கையை ஆட்டி ஆட்டி உயரம் காட்டினாள்.

"இன்னாமா, புள்ளையத் தேடுறியா? வாலு வாலா இழுத்துப் பாடுமே, அதுவா? உள்ளதான் கீது, தட்டு கழுவிகினு. ரெண்டு நாளா எங்க பாட்ட எங்களவிட நீட்டிப் பாடுது" என்றார்.

அம்மா திறந்த வாயை மூடவில்லை.

"இன்னா பாக்குற? பொறந்தது சிந்தாதிரிப்பேட்டை. தலைப்பா மட்டுந்தாம்மா பஞ்சாப்பு" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு சர்தார் மாமா.

தலையை மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கீழே வெள்ளை விரிப்பு. நடுவில் மேடையில் அவர்களுடைய வேதப் புத்தகம். அதற்குப் பட்டுத்துணி போர்த்தி, ஒருவர் சாமரம் வீசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆர்மோனியத்தோடு இரண்டு பேர், தபலாவோடு ஒருவர். அவர்கள் 'வாஹே குரு' என்று எடுத்தால் கூட்டம் மெதுவாக வாங்கிப் பாடியது. எங்கள் சந்து பஜனை மாதிரி கத்தல் இல்லை. தண்ணீர் ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது. அடி முடிந்து எல்லோரும் நிறுத்தினார்கள். அப்போது ஆண்கள் பக்கம் பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் தனியாக நீண்டுகொண்டு வந்தது. அம்மா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். பாத்திரம் கழுவி முடித்து எப்போது அங்கே வந்து உட்கார்ந்தானோ தெரியாது. பாடிக்கொண்டிருந்தவர் அந்த வால் முடியும்வரை ஆர்மோனியத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கை கொள்ளாமல் சூடான அல்வா கொடுத்தார்கள். நான் சொன்னேனே, அந்த வாசனை, அது இதுதான்.

பிறகு ஒரு காலையில் பாலத்தின் மேல் யாரோ பாடிக்கொண்டு போனார்கள். எந்தக் கோயிலுக்குப் போனவர்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அம்மா அடுப்பில் இருந்தாள், நான் தண்ணீர் லாரிக்கு நின்றிருந்தேன். வந்து பார்த்தபோது அவன் இல்லை. அவனுடைய நீல வார் செருப்பையும் காணவில்லை. இடதுகால் வார் அறுந்ததை அம்மா செப்புக் கம்பியால் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

வந்துவிடுவான் என்றுதான் நினைத்தோம். ஸ்டேஷனிலும் அப்படித்தான் சொன்னார்கள்: "போன தபா வந்தான்ல, வருவான் போம்மா." அம்மாவுக்கும் நம்பிக்கை இருந்தது. பாட்டு இருக்கிறதே அவனிடம்.

அவன் வரவில்லை. அதற்கப்புறம் எங்கள் வாழ்க்கை பாட்டுக் கேட்பதாகவே ஆகிவிட்டது. மார்கழியில் மாடவீதி, ஞாயிற்றுக்கிழமை குருத்வாரா, வியாழன் தர்கா, கொடியேற்றம் என்றால் பெசன்ட் நகர். அம்மா பாடுகிறவர்களைப் பார்க்கவே மாட்டாள், சாமியையும் பார்க்கமாட்டாள். ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரும் நிறுத்திய பிறகு வருகிற அந்தச் சின்ன இடைவெளியைக் கேட்பாள். அந்த இடைவெளியில் யாராவது இருமினால்கூட எனக்கு ஆத்திரமாக வரும். உள்ளே போகுமுன் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒவ்வொரு ஜோடியாகப் பார்ப்பாள். கண்ணுக்கு நல்ல பார்வையுள்ள என்னையும் பார்க்கச் சொல்வாள். பெருமாளானாலும் குருவானாலும் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே போகவேண்டும்.

குருத்வாராவில் வேண்டுதலின்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். யாருக்காக வேண்டவேண்டுமோ அவர்கள் பெயரை முன்னாலேயே சொன்னால், பூசை செய்கிறவர் சபையின் நடுவில் அந்தப் பெயரைச் சொல்லி வேண்டுவார். அம்மா நம் கோயில் அர்ச்சனை ஞாபகத்தில், "சேகரு, ரேவதி நட்சத்திரம், மீன ராசி" என்றாள்.

"நட்சத்திரம்லாம் இங்க கேக்க மாட்டாங்கம்மா" என்றார் சர்தார் மாமா.

"சொல்லி வெய்யி நைனா. ஊர்ல எத்தினி சேகரு கீறானுங்க. சாமி வேற யாரையாச்சும் இட்டாந்து வுட்டுட்டா இன்னா பண்றது?"

அவர் உள்ளே போய் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார். பஞ்சாபி வேண்டுதலின் நடுவில் ரேவதி நட்சத்திரம் என்று வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடி, அந்தப் பெயரோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் அந்தச் செருப்பைப் பார்த்தோம். நீல வார். இடதுகாலில் செப்புக் கம்பி முடிச்சு. அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உள்ள போய்ப் பாருடி பாப்பா, நான் எழுந்தா அவன் பூடுவான்" என்றாள். நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். என்னை மாதிரி ஒருத்திக்கு அது என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். அவன் இல்லை. திரும்பி வந்தபோது ஒரு வடநாட்டு வாலிபன், ஏதோ கட்டட வேலை செய்கிறவன், அம்மா முன்னால் நின்று செருப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இது எம்புள்ளைது. உங்கைக்கு எப்டி வந்துச்சு? அவன் எங்க கீறான், சொல்லு!"

சர்தார் மாமா இந்தியில் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "கம்பிய இவனேதான் போட்டதா சொல்றாம்மா. சத்தியம் பண்றான்."

"பொய்யி! இது நான் போட்ட முடிச்சு!"

அந்த வாலிபனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அம்மா முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் குவித்து அந்தச் செருப்பைத் தொட்டு, அவள் மடியிலேயே தள்ளிவிட்டு, வெயிலில் வெறுங்காலோடு போய்விட்டான். மாமா தலையைக் குனிந்துகொண்டு வேறு யாருடைய செருப்பையோ துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா அந்தச் செருப்பில் தன் காலை விட்டுப் பார்த்தாள். அவள் காலுக்கே அது சரியாக இருந்தது. சேகரின் கால் பெரியது. அவனுக்கென்று தேடித்தான் வாங்கவேண்டும். அம்மா அதைக் கழற்றித் துடைத்து வைத்தாள். அடுத்த ஞாயிறு கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து அந்தப் பையனுக்காகக் காத்திருந்தாள். அவன் அப்புறம் வரவேயில்லை. ரொம்ப நாள் அந்த ஜோடி அங்கேயே ஓரமாக இருந்தது. மாமா அதையும் துடைத்து வைப்பார்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று வந்தது. ஆற்றோரத்தைக் காலி செய்யவேண்டும் என்றார்கள். வெள்ளம் வந்து போன இடம், எல்லோருக்கும் வேறு இடத்தில் வீடு என்றார்கள். வீடு கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். பெருங்குடிக் குப்பைமேட்டைத் தாண்டி, சதுப்பைத் தாண்டி, மாடி மேல் மாடியாக ஒரே மாதிரி கட்டடங்கள். சந்து ஜனம் தட்டுமுட்டுச் சாமானை லாரியில் ஏற்றியது. அம்மனையும் லாரியில்தான் ஏற்றினார்கள், மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து போனார். அம்மா மட்டும் கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"வரமாட்டேன்யா! எம்புள்ள பாட்டுல இந்த எடந்தான்யா கீது!"

வந்திருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். "பாட்டா? என்ன பாட்டும்மா?" என்று கேட்டார். எங்கள் சந்தில் எல்லோருக்கும் அந்தப் பாட்டு தெரியும். பையன்கள்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக நிலையிலிருந்து எடுத்தது நான்தான்.

புது வீட்டில் இருந்துகொண்டு அவள் தினமும் பஸ் ஏறி வந்து இடிபாட்டின் மேல் உட்கார்ந்திருப்பாள். வேலி போட்ட பிறகு வேலிக்கு வெளியே. பிறகு ஒரு நாள், "புதுப் பாட்டு கட்டணும் பாப்பா" என்றாள். அவன் எங்கேயாவது பாட்டுக் கூட்டத்தில் இருந்தால், அங்கே இருப்பவர்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று.

புதுப் பாட்டு வரவில்லை. பழைய விலாசத்தில் பாலம் இருந்தது, ஆறு இருந்தது, அம்மன் இருந்தாள். புதியதில் பிளாக் நம்பரும் கதவு நம்பரும்தான். எப்படிப் போட்டாலும் அது மெட்டில் உட்காரவில்லை. குருத்வாராவில் சாப்பாடு முடிந்தபிறகு சர்தார் மாமா ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஒருவரை உட்கார வைத்து, அம்மாவின் பிளாக் நம்பரை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் பாடிப் பார்த்தார். "எழுவத்தி ஆறாம் பிளாக்கு... ஐய, இழுக்க ஒண்ணுமே இல்லியே இதுல" என்று சலித்துக்கொண்டார். மயிலாப்பூர் மாமியிடமும் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு ராகத்தில் எழுபத்தாறாம் பிளாக்கை நிரவல் மாதிரி சுற்றிச் சுற்றிப் பாடினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "அவன் வந்தா நான் பாடிக் காட்டறேன். நீ கவலைப்படாதே" என்றார். பாடிவிட்டு அவரே அழுதார். அம்மா அழவில்லை. வெளியில் வந்ததும், "இது அவன் வாயில நிக்காது பாப்பா" என்றாள்.

அந்த மாமி மகனோடு வெளிநாடு போய்விட்டார். அவர் வீடு இருந்த இடத்தில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடி இருக்கிறது. சர்தார் மாமாவும் இல்லை. அவர் இல்லை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்புப் பக்கம் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு நடக்க முடியாது, பஸ் ஏற முடியாது. குரலும் போய்விட்டது. "நீ பாடுடி பாப்பா. யாராச்சும் பாடிகினே இருக்கணும்" என்று காற்றாகச் சொன்னாள். நான் பழைய பாட்டைப் பாடினேன். அதாவது வாயைத் திறந்தேன். உள்ளே எல்லாம் பாடியது, வெளியே ஒன்றும் வரவில்லை. அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி முடிகிற இடத்தில், பழக்கத்தில், கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பி வருகிறேன். மரத்தடியில் நின்றவள் ஒருவழியாக ரோட்டைக் கடந்து உள்ளே போனேன். முக்காடு போட்டு, பெண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்ந்தேன். அதே வெள்ளை விரிப்பு, அதே சாமரம். பாடுகிறவர்கள் சின்ன வயதுக்காரர்கள், நன்றாகப் பாடினார்கள். அடி முடிந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். கேட்டேன். அடுத்த அடி முடிந்தது. கேட்டேன். கடையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, நிறுத்தி வைத்தேன். அல்வாவை வாங்கினேன், வாயில் போடாமல் கைக்குட்டையில் மடித்துக்கொண்டேன். அம்மா இருந்தவரை அவனுக்கென்று எடுத்து வைப்பாள். என் கை தானாகவே அதைச் செய்தது. வெளியே வந்து கடைப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, அடையாறு போகிற பஸ்ஸில் ஏறினேன்.

பாலத்துக்குக் கீழே இப்போது கம்பிவேலி போட்டுச் செடி வைத்திருக்கிறார்கள். நடைபாதைக்குக் கல் பதித்திருக்கிறார்கள், வயசானவர்கள் காலையில் நடக்கிறார்களாம். அழகாகத்தான் இருக்கிறது. கோயில் இருந்த இடம் எது என்று எனக்கே பிடிபடவில்லை. வேப்பமரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால் வேப்பமரம் இல்லை. கேட்டருகே நாற்காலியில் வாட்ச்மேன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி இரண்டு தரம் போய் இரண்டு தரம் திரும்பி வந்தேன்.

"இன்னாமா வேணும்?" என்று அவரே கேட்டார்.

"இங்க... யாராச்சும் பாட்டு பாடிகினு வந்தாங்களாண்ணா? வழி கேட்டுகினு?"

"பாட்டா? இன்னா பாட்டு?"

நான் சுற்றிப் பார்த்தேன். ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. இதைப் பேச்சாகச் சொல்ல முடியாது. சொன்னால் அது வெறும் விலாசம். முக்காட்டை எடுக்க மறந்திருந்தேன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாடினேன். பாலத்துக்குக் கீழே, அம்மன் கோயில் பக்கத்துலே, அம்மா சோறு வெச்சிருக்கா. என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உடைந்த குரல்தான், ஆனால் வந்தது. சேகரு வூடு ஆத்தோரத்துலே என்று முடித்து, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமல், மூச்சு இருக்கிறவரை அந்த எழுத்தை இழுத்தேன்.

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். ஆற்றுப் பக்கம், பாலத்துப் பக்கம், செடி வைத்திருக்கிற பக்கம் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே எனக்காகத் தேடினார்.

"அம்மன் கோயிலா? நான் வந்ததுலேர்ந்து பாக்குறேன், அப்டி ஒண்ணு இங்க இல்லியேம்மா" என்றார். "வேற பாலத்துப் பக்கம் போய்க் கேட்டுப் பாரேன்."